சுவர்களை மீட்டும் இசை

ஒரு கட்டடத்தின் நீளமும் அகலமும் உயரமும், சுவருக்குத் தேர்ந்த கல்லும் காரையும், கூரையின் வளைவும் கண்ணுக்காகவும் உறுதிக்காகவும் மட்டுமே முடிவு செய்யப்படுகின்றன என்ற எண்ணம் பரவலாக இருந்தாலும், அந்த அளவுகள் ஒவ்வொன்றும் அக்கட்டடத்துக்குள் எழும் ஒலி எவ்வாறு வளரும், எவ்வளவு நேரம் நிற்கும், எந்த மூலையில் மங்கும் என்பதையும் சேர்த்தே முடிவு செய்துவிடுகின்றன. கட்டியவர் எண்ணிப் பார்த்தாலும் பார்க்காவிட்டாலும் ஒவ்வோர் அறைக்கும் ஒரு குரல் அமைந்துவிடுகிறது. அந்தக் குரலையே மூலப்பொருளாக எடுத்துக்கொண்டு இயங்குவது ஒலிக்கலையின் ஒரு முக்கியமான கிளை. ராகம், தாளம், சாகித்தியம் என்ற வரம்புகளுக்குள் நில்லாமல், ஒலி நிகழும் இடத்தையும் கேட்பவர் அவ்விடத்தில் நிற்கும் நிலையையும் படைப்பின் பகுதியாகவே கருதும் கலையை ஒலிக்கலை என்று சொல்கிறார்கள். இத்துறையில் இன்று கவனம் பெற்றிருப்பவர்களுள் ஒருவர் பிரிட்டனில் வாழும், தெற்காசிய வேர்கள் கொண்ட கலைஞர் பால் பர்காஸ். கட்டடக்கலை பயின்று, பின்னர் இசைக்கு வந்து, கட்டி முடிக்கப்படாத மாளிகையிலும் மூடப்பட்ட அணுமின் நிலையத்திலும் ஒலிப்பதிவு செய்து, இறுதியில் அகமதாபாத்தின் ஒரு கல்வி நிறுவனத்தில் உறங்கிக்கிடந்த நாடாக்களிடம் வந்து சேர்ந்த அவருடைய வழி, இந்தியாவில் கட்டடக்கலையும் மின்னணு இசையும் ஒரே வளாகத்தில் வளர்ந்த ஒரு சிறு காலத்தை மீண்டும் வெளிச்சத்துக்குக் கொண்டுவந்துள்ளது.

அவருடைய முறையைப் புரிந்துகொள்ள ஒலியின் சில அடிப்படைப் பண்புகள் தெரிந்திருக்க வேண்டும். அவற்றை விளக்கத் தமிழ்நாட்டின் ஜவ்வாது மலையே போதுமானது. திருவண்ணாமலை, திருப்பத்தூர், வேலூர் மாவட்டங்களில் பரவிக் கிடக்கும் இம்மலையில், ஜமுனாமரத்தூரைச் சுற்றிய பகுதிகளில், பெருங்கற்காலத்தைச் சேர்ந்த கற்திட்டைகள் உள்ளன. பலகைக் கற்களைச் செங்குத்தாக நிறுத்தி, மேலே மற்றொரு பெரிய பலகையை மூடுகல்லாக வைத்து அமைக்கப்பட்ட சிறு அறைகளே கற்திட்டைகள் எனப்படுகின்றன. அத்தகைய ஓர் அறையில் எதிரெதிரான இரண்டு பலகைகளுக்கு இடையே 2 மீட்டர் தொலைவு இருப்பதாக வைத்துக்கொண்டால், ஒலி காற்றில் நொடிக்கு ஏறத்தாழ 340 மீட்டர் செல்வதால், 4 மீட்டர் அலைநீளம் கொண்ட ஒலி, அதாவது நொடிக்கு 85 முறை அதிரும் ஒலி, அந்த இரண்டு கற்களுக்கு நடுவே முன்னும் பின்னும் மோதித் தன்னைத்தானே வலுப்படுத்திக்கொண்டு நிற்கும். நொடிக்கு எத்தனை அதிர்வு என்ற கணக்கை அதிர்வெண் என்றும், அதன் அலகை ஹெர்ட்ஸ் என்றும், இவ்வாறு இடத்தின் அளவுக்குப் பொருந்திய ஒலி மட்டும் பெருகுவதை ஒத்ததிர்வு என்றும் இயற்பியல் குறிப்பிடுகிறது. இடைவெளி ஒன்றரை மீட்டராகச் சுருங்கினால் ஒத்ததிரும் ஒலி ஏறத்தாழ 113 ஹெர்ட்ஸுக்கு உயரும். ஒரு பக்கம் திறந்திருந்தாலோ கல் சாய்ந்திருந்தாலோ அது தளரும். 85, 113 ஆகிய இரண்டு எண்களுமே வளர்ந்த ஆணின் பேச்சுக்குரல் இயங்கும் எல்லைக்குள் வருகின்றன என்பதால், மனிதர் குனிந்து நுழையும் அளவுள்ள கல் அறை எதுவாயினும் அது மனிதக் குரலோடு ஒத்ததிரும் வாய்ப்பு இயல்பாகவே அதிகம். இங்கிலாந்திலும் அயர்லாந்திலும் உள்ள சில தொன்மையான கல் அறைகளை அளந்து ராபர்ட் ஜான், பால் டெவரூ முதலியோர் 1996-ல் வெளியிட்ட ஆய்வு, அவற்றின் ஒத்ததிர்வு 95 முதல் 120 ஹெர்ட்ஸ் வரை அமைந்திருப்பதைக் காட்டியது. அக்காலத்தவர் ஒலியைக் கருதித்தான் அவ்வறைகளைக் கட்டினார்கள் என்பதற்கு இது சான்றாகிவிடாது. அறையின் அளவு ஒலியைத் தேர்ந்தெடுக்கிறது என்பதற்கு மட்டுமே சான்று, அதுவே இங்கு வேண்டியதும்கூட.

அறை பெரிதாகும்போது வேறொரு பண்பு முன்னுக்கு வருகிறது. பெரிய மண்டபத்தில் கைதட்டினால் ஒலி சுவர், தூண், கூரை என்று ஆயிரம் இடங்களில் பட்டுத் திரும்பி, தனித்தனி எதிரொலிகளாகக் கேட்காமல் ஒரே நீண்ட கார்வையாக இழைந்து தேய்கிறது. எதிர்முழக்கம் எனப்படும் இதை முதன்முதலில் முறையாக அளந்தவர் அமெரிக்காவின் ஹார்வர்டு பல்கலைக்கழக இயற்பியலாளர் வாலஸ் சபைன். 1895-ல் ஒரு விரிவுரைக் கூடத்தில் பேச்சே புரியவில்லை என்ற குறையைத் தீர்க்க அழைக்கப்பட்ட அவர், இரவு நேரங்களில் அருகிலிருந்த அரங்கின் இருக்கை மெத்தைகளைக் கொண்டுவந்து பரப்பியும் அகற்றியும், ஒலி தேயும் நேரத்தை மீண்டும் மீண்டும் அளந்து, அறையின் கன அளவுக்கும் அதிலுள்ள பொருள்கள் ஒலியை உறிஞ்சும் திறனுக்கும் இடையிலான சமன்பாட்டைக் கண்டறிந்தார். ஒலி 60 டெசிபெல் அளவுக்குத் தணிய ஆகும் நேரமே இன்றும் ஓர் அறையின் எதிர்முழக்க நேரமாகக் கொள்ளப்படுகிறது. மேலைச் செவ்விசை அரங்குகளுக்கு ஏறத்தாழ இரண்டு நொடி உகந்ததாகவும், பேச்சரங்குகளுக்கு ஒரு நொடிக்கும் குறைவானது உகந்ததாகவும் கருதப்படுகிறது. சபைனின் கண்டுபிடிப்புக்குப் பிறகு கட்டடக்கலைக் கல்வியில் ஒலியியல் இடம்பெற்றது என்றாலும், அது பெரும்பாலும் இரைச்சலையும் முழக்கத்தையும் அடக்கும் உத்தியாகவே கற்பிக்கப்பட்டுவந்தது. பர்காஸ் போன்றவர்கள் தொடங்குவது இதற்கு நேர் எதிர்த் திசையிலிருந்து: அடக்க வேண்டிய குறையாகப் பாடநூல்கள் கருதியதையே அவர்கள் வளர்த்துக் கேட்க விரும்புகிறார்கள்.

பர்காஸும் ஜேம்ஸ் கின்ஸ்பர்க்கும் சேர்ந்து 2005-ல் இங்கிலாந்தின் பிரிஸ்டல் நகரில் 'எம்ப்டிசெட்' என்ற இருவர் குழுவைத் தொடங்கினார்கள். கரீபியத் தீவுகளிலிருந்து குடியேறியவர்கள் கொண்டுவந்த பெரும் ஒலிபெருக்கி அடுக்குகளின் மரபு வேரூன்றிய நகரம் பிரிஸ்டல். அங்கே தாழ்ந்த ஒலிக்குத் தனி மதிப்பு உண்டு. 50 ஹெர்ட்ஸ் ஒலியின் அலைநீளம் ஏறத்தாழ 6.8 மீட்டர், அதாவது ஒரு நடுத்தரக் கூடத்தின் நீளம். ஆகவே தாழ்ந்த ஒலியைக் கையாளும் இசைஞர் யாராயினும், அறியாமலே அறையின் அளவோடு பேரம் பேசிக்கொண்டிருக்கிறார். கட்டடக்கலை பயின்ற ஒருவர் அந்தச் சூழலுக்குள் வந்தபோது, அறியாமல் நடந்தது அறிந்து செய்யும் வேலையாக மாறியது என்று கொள்வதில் தவறில்லை.

அந்த வேலையின் தெளிவான வடிவம் 2012-ல் வெளிவந்த 'மீடியம்' என்ற ஒலித்தொகுப்பில் கிடைக்கிறது. இங்கிலாந்தின் குளஸ்டர்ஷயர் பகுதியில் உள்ள வுட்செஸ்டர் மாளிகை, 19-ஆம் நூற்றாண்டில் கோதிக் பாணியில் கட்டத் தொடங்கப்பட்டு, வேலை பாதியில் நின்றுபோய், பல அறைகளுக்குத் தளம்கூடப் போடப்படாமல், வாயில்கள் அந்தரத்தில் திறக்கும் நிலையில் இன்றளவும் நிற்கும் கட்டடம். எம்ப்டிசெட் குழுவினர் மின்னணுக் கருவிகளில் உண்டாக்கிய ஒலிச்சைகைகளை அந்த மாளிகையின் அறைகளுக்குள் ஒலிபெருக்கிகள் வழியே செலுத்தி, கல் சுவர்களும் வெற்றிடங்களும் அவற்றுக்குச் சொன்ன மறுமொழியை ஒலிவாங்கிகளால் பதிவு செய்தார்கள். தளம் இல்லாத அறைகள் ஒன்றன்மேல் ஒன்றாகத் திறந்து கிடப்பதால், வழக்கமான மாளிகையில் கிடைக்காத உயரமான ஒலிக்கூடுகள் அங்கே உருவாகியிருக்கின்றன. கட்டடத்தின் நிறைவின்மையே அதன் ஒலிக்குணமாகிவிட்டிருக்கிறது. 2013-ல் வெளிவந்த 'மெட்டீரியல்' என்ற தொகுப்பு இதே முறையை வேல்ஸ் நாட்டின் டிராஸ்வனித் அணுமின் நிலையத்துக்கும், லண்டனில் ஒரு காலத்தில் கான்கிரீட்டைச் சோதிக்கப் பயன்பட்ட 'அம்பிகா பி3' என்ற நிலத்தடிக் கூடத்துக்கும், சிஸல்ஹர்ஸ்ட் சுரங்கத்துக்கும் கொண்டுசென்றது. டிராஸ்வனித் நிலையத்தின் மின் உற்பத்தி 1991-லேயே நின்றுவிட்டது. கட்டடமோ கதிரியக்கம் தணியும் வரை பல பத்தாண்டுகள் காவலில் நிற்க வேண்டியது. பயன்பாடு முடிந்த பின்னும் இடிக்க முடியாத ஒரு கட்டடத்துக்குள் ஒலியைச் செலுத்திக் கேட்பது, வேறு எந்த இசையரங்கிலும் கிடைக்காத பொருளை அந்தப் பதிவுக்குக் கொடுக்கிறது.

இந்தப் பதிவுகள் காதுக்கு இனிமையானவை அல்ல. அவற்றில் மெட்டு இல்லை. முரட்டுத்தனமான அதிர்வும் உறுமலும் நீண்ட இடைவெளிகளும் மட்டுமே உள்ளன. ஆனால் ஒரே ஒலிச்சைகை வெவ்வேறு கட்டடங்களில் வெவ்வேறு விதமாகச் சிதைந்து திரும்புவதை அடுத்தடுத்துக் கேட்கும்போது, கேட்பவரின் காது இசையை விட்டு விலகி, சுவரின் தொலைவையும் கூரையின் உயரத்தையும் ஊகிக்கத் தொடங்குகிறது. இந்தப் பழக்கம் ஒருமுறை ஏற்பட்டுவிட்டால் எளிதில் போவதில்லை. பின்னாளில் குறு அலை வானொலி வழியே ஒலியை வளிமண்டலத்தின் அயனி மண்டலத்தில் பட்டுத் திரும்பச் செய்ததும், 2019-ல் 'பிளாசம்ஸ்' என்ற தொகுப்புக்காக மரம், உலோகம், தோல் ஆகியவற்றின் ஒலிகளைக் கற்றுக்கொள்ளும்படி கணினியைப் பழக்கியதும் இக்குழுவின் வேறு முயற்சிகள். அவை ஆர்வத்துக்குரியவை என்றாலும், வுட்செஸ்டர் மாளிகைப் பதிவில் உள்ள எளிமையும் துணிவும் அவற்றில் அதே அளவுக்கு இல்லை.

கட்டடக்கலையிலிருந்து இசைக்கு வந்தவர்களின் வரிசையில் பர்காஸுக்கு முன்னோடியாக நிற்பவர் யானிஸ் செனாகிஸ். 1922-ல் ருமேனியாவில் கிரேக்கப் பெற்றோருக்குப் பிறந்து, ஏதென்ஸில் பொறியியல் பயின்று, இரண்டாம் உலகப் போரின்போது எதிர்ப்பியக்கத்தில் சேர்ந்து, அதைத் தொடர்ந்த தெருச் சண்டைகளில் குண்டுத் துண்டு தாக்கி இடக்கண்ணை இழந்து, தாய்நாட்டில் மரண தண்டனை விதிக்கப்பட்ட நிலையில் 1947-ல் பாரிஸ் வந்து சேர்ந்த அவருக்கு, புகழ்பெற்ற கட்டடக்கலைஞர் லெ கொர்பூசியேவின் அலுவலகத்தில் வேலை கிடைத்தது. பகலில் கான்கிரீட் கணக்குகள் போட்டுக்கொண்டிருந்தவர், இசை கற்க வேண்டும் என்ற வேட்கையோடு இசையமைப்பாளர் ஒலிவியே மெசியானை அணுகியபோது, வழக்கமான இசையிலக்கணப் பயிற்சிக்குத் திரும்ப வேண்டாம், கணிதமும் கட்டடக்கலையும் தெரிந்திருப்பதையே இசையில் பயன்படுத்துமாறு மெசியான் அவருக்கு வழிகாட்டினார். சார்ங்கதேவர் 13-ஆம் நூற்றாண்டில் எழுதிய 'சங்கீத ரத்னாகர'த்தில் உள்ள 120 தேசி தாளங்களை ஆழ்ந்து படித்து, தம் இசையிலும் வகுப்பிலும் கையாண்டவர் மெசியான் என்பதால், அந்த வகுப்பறையில் இந்தியாவின் தாளக் கணக்கும் ஒலித்துக்கொண்டிருந்தது என்பதை இங்கே சேர்த்துச் சொல்ல வேண்டும்.

செனாகிஸ் 1954-ல் எழுதி முடித்த 'மெட்டாஸ்டாசிஸ்' என்ற படைப்பில், 61 இசைஞர்களுள் நரம்புக் கருவி வாசிக்கும் 46 பேருக்கும் தனித்தனி வரி எழுதப்பட்டுள்ளது. தொடக்கத்தில் ஒரே சுரத்தில் நிற்கும் அவர்கள், கர்நாடக இசையில் ஜாரு என்று சொல்லப்படும் வகையில், ஒருவருக்கொருவர் வேறுபட்ட வேகத்தில் வழுக்கிச் சென்று வெவ்வேறு சுரங்களை அடைகிறார்கள். வரைதாளில் நேரத்தை ஓர் அச்சிலும் சுரத்தின் உயரத்தை மற்றோர் அச்சிலும் குறித்தால், ஒவ்வொருவரின் ஜாருவும் ஒரு நேர்க்கோடு. 46 நேர்க்கோடுகளும் சேர்ந்து ஒரு வளைபரப்பை உண்டாக்குகின்றன. நேர்க்கோடுகளை மட்டுமே கொண்டு வளைந்த பரப்பை நெய்யலாம் என்ற இந்த வடிவியல் உண்மையையே சில ஆண்டுகளில் அவர் கான்கிரீட்டில் செய்துகாட்டினார். 1958-ல் பிரஸ்ஸல்ஸில் நடந்த உலகக் கண்காட்சிக்காக பிலிப்ஸ் நிறுவனம் ஓர் அரங்கம் கேட்டபோது, சண்டிகர் வேலையில் மூழ்கியிருந்த லெ கொர்பூசியே வடிவமைப்பின் பெரும்பகுதியைச் செனாகிஸிடம் ஒப்படைத்தார். எழுந்த அரங்கத்தில் செங்குத்தான சுவர் என்று ஒன்றுமில்லை. ஒரு திசையில் மேல்நோக்கியும் மறு திசையில் கீழ்நோக்கியும் வளையும், குதிரைச் சேணம் போன்ற பரப்புகள் தரையிலிருந்து கூர்முனைகளாக உயர்ந்து நின்றன. எதிரெதிர்ச் சுவர்கள் இல்லாததால் கற்திட்டையில் நடப்பதுபோல் ஒலி இரண்டு கற்களுக்கு நடுவே சிக்கி நிற்க வழியில்லை. உட்பரப்பில் பொருத்தப்பட்ட 300-க்கும் மேற்பட்ட ஒலிபெருக்கிகளின் வழியே இசையமைப்பாளர் எட்கார் வரேஸின் எட்டு நிமிட மின்னணுப் படைப்பு பார்வையாளர்களின் தலைக்கு மேல் பாதைகள் வகுத்து ஓடியது. ஒரு கூட்டம் வெளியேறி அடுத்த கூட்டம் நுழையும் இடைவேளையில், எரியும் கரியின் வெடிப்பொலிகளைக் கொண்டு செனாகிஸ் அமைத்த 'கான்கிரெட் பிஎச்' என்ற சிறு படைப்பு ஒலித்தது. கண்காட்சி முடிந்ததும், 1959-ன் தொடக்கத்தில், அரங்கம் இடிக்கப்பட்டது. வடிவமைப்பின் பெருமை யாருக்கு என்ற பிணக்கும் அதையொட்டி எழுந்து, அதே ஆண்டு செனாகிஸ் அந்த அலுவலகத்தை விட்டு வெளியேறினார்.

அவருடைய இசைக் கொள்கையில் கட்டடத்துக்கு நிகராக இயற்கையின் ஒலித்திரளுக்கும் இடம் உண்டு. கோடைக்கால வயலில் எழும் சில்வண்டுகளின் இரைச்சலையும், கெட்டியான பரப்பின்மேல் பெய்யும் மழையின் ஒலியையும், திரண்ட மக்கள் கூட்டத்தின் முழக்கத்தையும் அவர் திரும்பத் திரும்ப எடுத்துக்காட்டினார். இவற்றுள் ஒவ்வொரு தனி ஒலியும் தற்செயலானது. ஆனால் ஆயிரக்கணக்கானவை சேரும்போது மொத்தத்துக்கு ஓர் உருவமும் அடர்த்தியும் நகர்வும் ஏற்படுகின்றன. வாயு மூலக்கூறுகளின் இயக்கத்தை விளக்கும் நிகழ்தகவுக் கணிதத்தை இசையெழுத அவர் கையாண்டதற்கு இதுவே காரணம். ஜவ்வாது மலைக் காடுகளில் மாலை மங்கும் வேளையில் ஒரு மரத்தில் தொடங்கிச் சரிவு முழுவதும் பரவும் சில்வண்டு இரைச்சலைக் கேட்டவர்களுக்கு, செனாகிஸின் படைப்புகள் முதன்முறை கேட்கும்போதே முற்றிலும் அந்நியமாகத் தோன்ற வாய்ப்பில்லை.

லெ கொர்பூசியேவின் அதே அலுவலகத்தில் 1950-களின் தொடக்கத்தில் பணியாற்றிய மற்றொருவர் பாலகிருஷ்ண தோஷி. பிரான்சின் லா தூரெட் துறவிமடத்தில் ஜன்னல் கண்ணாடிகளின் இடைவெளிகளைத் தாளக்கட்டுபோல் நெருக்கியும் விரித்தும் செனாகிஸ் அமைத்த முறை சண்டிகரின் அரசுக் கட்டடங்களிலும் பயன்பட்டது. தோஷியோ அகமதாபாத் திரும்பி, 1962-ல் அங்கே கட்டடக்கலைப் பள்ளியைத் தொடங்கினார். அதற்கு ஓராண்டு முன்பு, 1961-ல், அதே நகரில் தேசிய வடிவமைப்பு நிறுவனம் உருவாகியிருந்தது. அதை உருவாக்கியவர்கள் கௌதம் சாராபாய், கிரா சாராபாய் என்ற உடன்பிறப்புகள். இவர்களுடைய மற்றொரு சகோதரர் விண்வெளித் துறையின் முன்னோடியான விக்ரம் சாராபாய். இவர்களுடைய சகோதரி கீதா சாராபாய், பக்கவாஜ் என்ற மத்தளவகைக் கருவியைப் பயின்ற அரிய பெண்களுள் ஒருவர். 1946-ல் நியூயார்க் சென்றபோது அங்கே ஜான் கேஜ் என்ற இளம் இசையமைப்பாளருக்கு இந்திய இசையையும் அதன் நோக்கத்தையும் கற்பித்து, அவரிடமிருந்து மேலை இசையைக் கற்றுக்கொண்டார். மனத்தை அமைதிப்படுத்தி மேலான ஆற்றல்களுக்கு இடம்கொடுக்கச் செய்வதே இசையின் பயன் என்று கீதா வழியாக அறிந்த கருத்து, கேஜின் வாழ்நாள் சிந்தனையைத் திருப்பிவிட்டது.

அந்த நட்பின் தொடர்ச்சியாக, கேஜின் நெருங்கிய கூட்டாளியான டேவிட் டியூடர் 1969-ல் அகமதாபாத் வந்து, தேசிய வடிவமைப்பு நிறுவனத்தில் இந்தியாவின் முதல் மின்னணு இசைக்கூடத்தை அமைத்துக் கொடுத்தார். கூடத்தின் மையம் ராபர்ட் மூக் உருவாக்கிய சின்தசைசர்: மின்னழுத்தத்தை ஏற்றி இறக்குவதன் வழியே ஒலியின் உயரம், செறிவு, நிறம் ஆகியவற்றை மாற்றவும், கம்பிகளைச் செருகி அதன் பகுதிகளை விரும்பியபடி இணைக்கவும் வசதி கொண்ட கருவி அது. அதை ஓர் இசைக் கல்லூரியில் வைக்காமல், நாற்காலியும் எழுத்துருவும் துணியும் வடிவமைக்கக் கற்றுத்தரும் இடத்தில் வைத்ததுதான் அந்த முயற்சியின் தனிச்சிறப்பு. கருவியைக் கையாண்டவர்களுள் கீதா சாராபாய், அதுல் தேசாய், ஐ. எஸ். மாத்தூர், எஸ். சி. சர்மா ஆகியோரோடு ஜின்ராஜ் ஜோஷிபுராவும் இருந்தார். அப்போது கட்டடக்கலை பயின்றுகொண்டிருந்த இளைஞரான ஜோஷிபுரா உருவாக்கியது 'ஸ்பேஸ் லைனர் 2001' என்ற படைப்பு. எதிர்காலத்தின் விண்வெளிப் பயணத்தை மூக் கருவியின் ஒலிகளால் கற்பனை செய்யும் அப்படைப்பு, நிலவில் மனிதன் கால்வைத்த காலத்தின் துடிப்பையும், ஒலியை அகலமும் ஆழமும் உள்ள வெளியாக எண்ணிப் பார்க்கும் கட்டடக்கலை மாணவனின் மனப்போக்கையும் ஒருங்கே காட்டுகிறது. மாத்தூரின் படைப்புகளுள் ஒன்று தம்புராவை வாசித்த நினைவைத் தலைப்பிலேயே தாங்கி நிற்கிறது. மேலைக் கருவியை எடுத்துக்கொண்டு மேலை இசையைப் போலிசெய்யாமல், சுருதியின் இடையறாத நிலைப்பைப் பழகிய காதுகளோடு அவர்கள் அதை அணுகினார்கள் என்பது இந்தப் பதிவுகளின் உயிரான அம்சம்.

1970-ல் ஜப்பானின் ஒசாகாவில் நடந்த உலகக் கண்காட்சிக்காகவும் இக்கூடத்தில் ஒலிகள் பதிவு செய்யப்பட்டன. அந்தக் கண்காட்சியே கட்டடமும் ஒலியும் கலந்த பெரும் களமாக இருந்தது: ஜெர்மானிய அரங்கத்தில் இசையமைப்பாளர் ஸ்டாக்ஹவுசனின் இசைக்காகக் கோள வடிவக் கூடம் எழுந்தது, ஜப்பானிய உருக்கு நிறுவனங்களின் அரங்கத்தில் செனாகிஸின் படைப்பு நூற்றுக்கணக்கான ஒலிபெருக்கிகளில் ஒலித்தது, பெப்சி அரங்கத்தின் ஒலியமைப்பில் டியூடரே ஈடுபட்டார். பெப்சி அரங்கத்தின் உட்புறம் ஏறத்தாழ 27 மீட்டர் விட்டமுள்ள கோள வடிவக் கண்ணாடிப் பரப்பு. அதன் பின்னே 37 ஒலிபெருக்கிகள். குழிந்த பரப்பு கதிர்களைக் குவிக்கும் என்பது எல்லாரும் அறிந்தது. ஜவ்வாது மலையின் காவலூர் வானாய்வகத்தில் 1986 முதல் இயங்கும் வைணு பாப்பு தொலைநோக்கியின் 2.34 மீட்டர் விட்டமுள்ள ஆடி, பரவளைய வடிவில் தேய்க்கப்பட்டிருப்பதால் தொலைவிலுள்ள விண்மீனின் ஒளி முழுவதையும் ஒரே புள்ளிக்குக் கொண்டுவருகிறது. ஒலியும் இந்த விதிக்கு உட்பட்டதே என்பதால், பெப்சி அரங்கத்தின் கோளத்துக்குள் நின்றவருக்கு உருவம் தலைகீழாக அந்தரத்தில் தோன்றியதோடு, அடி எடுத்து வைக்கும்போதெல்லாம் ஒலியும் இடம் மாறிக் கேட்டது. கர்நாடக மாநிலம் விஜயபுராவின் கோல் கும்பஸ் மாடத்தில், முணுமுணுப்பு மறுகோடிக்குக் கேட்பதும் வளைந்த சுவரின் வேலைதான்; 17-ஆம் நூற்றாண்டில் கட்டியவர்களின் கருத்தில் இல்லாமலே அமைந்திருக்கக்கூடிய ஒன்றை, டியூடரின் தலைமுறை வேண்டுமென்றே செய்யத் துணிந்தது.

அகமதாபாத் கூடம் நீடிக்கவில்லை. 1972-க்குப் பிறகு அங்கே பதிவுகள் நின்றன; கருவி கைவிடப்பட்டது; நாடாக்கள் நிறுவனத்தின் காப்பகத்தில் தங்கிவிட்டன. பல பத்தாண்டுகளுக்குப் பின் அந்த நாடாக்களைத் தேடிச் சென்று எடுத்து, தூய்மைப்படுத்தி, எண்ணிம வடிவுக்கு மாற்றியவர் பால் பர்காஸ். அவற்றைக் குறித்து 2020-ல் பிபிசி வானொலியில் 'எலக்ட்ரானிக் இந்தியா' என்ற நிகழ்ச்சியை வழங்கினார். 2023-ல் 'தி என்ஐடி டேப்ஸ்' என்ற தலைப்பில் அவருடைய தொகுப்பில் அந்த இசை முதன்முறையாகப் பொதுமக்களை அடைந்தது. அக்கூடத்தைப் பற்றிய கட்டுரைகளின் நூலொன்றையும் அவர் தொகுத்தார். காலியான கட்டடங்களின் குரலைக் கேட்டுப் பழகிய ஒருவரால்தான் அந்தக் காப்பக அலமாரியின் மௌனத்தைச் சந்தேகிக்க முடிந்தது. மின்னணு இசையின் வரலாறு ஐரோப்பாவுக்கும் அமெரிக்காவுக்கும் உரியது என்று எழுதப்பட்டுவந்த கதையை அந்த நாடாக்கள் திருத்திவிட்டன. ஆனால் வருத்தத்துக்குரியது, மூன்றே ஆண்டுகளில் அவ்வளவு செய்தவர்களுக்கு மேலும் பத்து ஆண்டுகள் வாய்த்திருந்தால் இந்தியாவின் கட்டடக்கலைக் கல்வியும் இசைக் கல்வியும் எங்கே சென்றிருக்கும் என்ற எண்ணம்.

தமிழ் மரபில் இந்த இரண்டு கலைகளும் பிரிந்து கிடந்தவை அல்ல. சிலப்பதிகாரத்தின் அரங்கேற்று காதை, ஆடலாசான், இசையாசான், தண்ணுமை, குழல், யாழ் ஆசிரியர்கள் ஆகியோரின் தகுதிகளைச் சொல்லும் அதே மூச்சில், அரங்கத்தின் அளவுகளையும் சொல்கிறது: மூங்கிலிலிருந்து இருபத்து நான்கு விரல் நீளத்துக்கு வெட்டிய கோலால் அளந்து, ஏழு கோல் அகலம், எட்டு கோல் நீளம், ஒரு கோல் உயரம், மேடைக்கும் மேலே உள்ள உத்தரப் பலகைக்கும் இடையே நான்கு கோல் என்று அமைக்க வேண்டும் என்கிறது, தூணின் நிழல் விழாதபடி விளக்கை வைக்கவும் சொல்கிறது. கல்லிலேயே இசையை வைத்தவர்களும் இருந்தார்கள். திருநெல்வேலி நெல்லையப்பர் கோயிலிலும் சுசீந்திரத்திலும் மதுரையிலும் உள்ள இசைத்தூண்களில், ஒரே கல்லில் குடைந்தெடுத்த மெல்லிய தண்டுகள் தட்டும்போது வெவ்வேறு சுருதியில் ஒலிக்கின்றன. ஹம்பியின் விட்டலர் கோயிலில் உள்ள இத்தகைய தூண்களைக் கல்பாக்கம் இந்திரா காந்தி அணு ஆராய்ச்சி மையத்தின் அறிவியலாளர்கள் சிதைவின்றிச் சோதித்து 2008-ல் வெளியிட்ட ஆய்வு, ஒலி எழுவதற்குத் தூணின் உள்ளே மறைவான துளை எதுவும் காரணமல்ல, திடமான தண்டு வளைந்து அதிர்வதே காரணம் என்று நிறுவியது. தண்டின் நீளம், தடிமன், கல்லின் தன்மை ஆகியவற்றைக் காதாலும் உளியாலும் மட்டுமே ஒத்துப்போகச் செய்த சிற்பிகளின் கணக்கு இன்றைய கருவிகளுக்கு முன்னும் பிழையின்றி நிற்கிறது.

தூணின் ஒலி அளக்கப்பட்டிருக்கும் அளவுக்கு மண்டபத்தின் ஒலி அளக்கப்படவில்லை என்பது இத்துறையில் கவலைப்பட வேண்டிய குறை. செய்முறை கடினமானதன்று. அறையின் நடுவே ஒரு பலூனை வெடித்தோ, தாழ்ந்த ஒலியிலிருந்து கூர்ந்த ஒலிவரை சீராக ஏறும் சைகையை ஒலிபெருக்கியில் செலுத்தியோ, அறை தரும் மறுமொழியை ஒலிவாங்கிகளில் பதிவு செய்துகொள்கிறார்கள்; துடிப்பு மறுமொழி எனப்படும் அந்தப் பதிவைக் கணினியில் வேறு எந்தக் குரலோடும் பின்னிவிட்டால், அக்குரல் அதே அறைக்குள் பாடப்பட்டதுபோல் ஒலிக்கும். இடிக்கப்பட்டுவிட்ட பிலிப்ஸ் அரங்கத்துக்கு அப்படி ஒரு பதிவு எடுக்கும் வாய்ப்பு இல்லாமற் போயிற்று. ஆகவே இத்தாலிய ஆய்வாளர்கள் உள்ளிட்ட ஒரு குழு இந்த நூற்றாண்டின் தொடக்கத்தில் அதன் வரைபடங்களையும் எஞ்சிய ஆவணங்களையும் கொண்டு, அதன் ஒலிவெளியைக் கணக்கிட்டே கணினியில் மீட்டெடுக்க வேண்டியிருந்தது. ஜமுனாமரத்தூர்ப் பக்கத்துக் கற்திட்டைகள் இன்னும் நிற்கின்றன. காலை வெயில் ஏறுமுன், காற்று அடங்கிய வேளையில், ஒவ்வொரு கல் அறைக்கும் நீள அகல உயரங்களோடு துடிப்பு மறுமொழியையும் பதிவு செய்து தொல்லியல் ஆவணத்தில் சேர்ப்பதற்கு ஒரு மடிக்கணினியும் ஓர் ஒலிவாங்கியும் ஒரு சிறு ஒலிபெருக்கியும் போதும். பலகைக் கற்கள் சாயவோ மூடுகல் சரியவோ நேர்ந்தால், அந்த அறைகளின் குரலுக்கு வரைபடம்கூட எஞ்சியிருக்காது.